சவேரியாரைப் பார்க்கும்வரை

அன்று மத்தியானம் முன்னறையில் இருந்தவர்கள்: ஸ்தனிஸ்லாஸ், அவன் மனைவி பிரிஸ்கில்லா, அவளைப் பெற்ற அன்னாள், பிரிஸ்கில்லாவின் தம்பி கிளெமென்ட். கிளெமென்டின் கைப்பேசிக்குள் கோவாவில் ஒரு கசினோ ஓட்டல் இருந்தது. அதையும் ஆள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அன்று அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, யாருக்கும் எழுந்திருக்க மனசில்லாத நேரம். வெளியே தூறல். மலைக்கோட்டையை மேகம் தின்றுவிட்டிருந்தது.

பழைய கோவாவில் சவேரியாரின் உடலைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்து சனங்களுக்குக் காட்டுவார்கள். அதற்குப் போக ரயில் டிக்கெட் எப்போதோ போட்டாயிற்று. தங்கத்தான் இடம் இல்லை. எந்த லாட்ஜைக் கேட்டாலும் வாடகையை மூன்று மடங்கு ஏற்றி வைத்திருந்தார்கள். தேடித் தேடிக் கண் பூத்துப்போன கிளெமென்டுக்கு, கடைசியில் இந்த ஒன்று மட்டும் மலிவாக அகப்பட்டது. கீழ்மாடிகளில் சூதாட்டம், மேலே அறைகள். ஆட வருகிறவனை மேசையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அறையைப் பாதி விலைக்கு விடுகிறார்கள். காலைச் சாப்பாடு சும்மா.

அன்னாள் முதலில் ஒப்பவில்லை. சூதாடுகிற வீட்டில் படுத்து எழுந்து புனிதர் முன்னால் போய் நிற்பதா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் காலைச் சாப்பாட்டில் மீன் உண்டா என்றும் கேட்டாள். படத்தில் மீன் இருப்பதைக் கிளெமென்ட் பெரிதாக்கிக் காட்டினான். அதற்குப் பிறகு அவள் வாயில் புனிதர் வரவில்லை.

ஸ்தனிஸ்லாஸ்தான் அந்த ஓட்டலுக்காக அதிகம் பேசினான். நாம் படுக்கத்தானே போகிறோம், கீழே எவன் என்ன செய்தால் நமக்கென்ன என்றான். அங்கிருந்து பழைய கோவாவுக்கு பஸ் வசதி உண்டு என்றான். லிப்ட் தனி, மேலே போகிறவன் ஆட்டக் கூடத்தை மிதிக்கவே வேண்டாம் என்றும் சொன்னான். கிளெமென்ட் கைப்பேசியைத் தேய்த்துப் பார்த்தான். லிப்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பிரிஸ்கில்லா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

லிப்டை அவன் நாலு வருஷமாக மனசுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்த ஓட்டல் என்று இல்லை, ஏதோ ஒன்று. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற தன் கடையில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கை தானாகச் சுற்றும், அவன் அங்கே போய்விடுவான். ஈரப்புல் மாதிரி காலை உள்ளே வாங்குகிற கம்பளம். சன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. வெளிச்சம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல அசைந்துகொண்டிருக்கும். யாரும் சத்தம் போடமாட்டார்கள். பச்சைத் துணிமேல் சீட்டு வழுக்கி வந்து அவன் விரல் நுனியில் நிற்கும். அதைத் திருப்ப மாட்டான். திருப்பாமல் வைத்திருப்பதுதான் சுகம். கம்பி தீர்ந்துபோய்க் கை நிற்கும்போது பழனி ரோட்டு லாரிச் சத்தம் மறுபடி காதில் விழும்.

அந்தச் சுகத்துக்காகத்தான் ஒரு காலத்தில் கொடைரோட்டுப் பக்கம் ஒரு மனமகிழ் மன்றமே கதியென்று கிடந்தான். மன்றம் என்று பெயர், உள்ளே ரம்மி. அன்னாள் மகளுக்குச் சீராகக் கொடுத்த நத்தத்து மாந்தோப்பு அங்கேதான் போனது. தோப்பு கைமாறிய வாரம், நாலு வருஷத்துக்கு முன்னால், பிரிஸ்கில்லா அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அவன் சவேரியார் சுரூபத்தின் முன் முழங்காலிட்டுப் பொருத்தனை செய்தான். உம்மை நேரில் வந்து பார்க்கிற வரைக்கும் சீட்டைத் தொடமாட்டேன்.

இங்கே பொருத்தனை என்றால் அப்படித்தான். வேளாங்கண்ணிக்குப் போகிற வரைக்கும் தாடி எடுக்கமாட்டேன் என்பான் ஒருவன். திருநாள் வரைக்கும் கறி தொடமாட்டேன் என்பாள் ஒருத்தி. எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் தாடியை எடுக்கலாம், கறி தின்னலாம். ஸ்தனிஸ்லாசும் பழக்கத்தில் ஓர் எல்லை வைத்துவிட்டான். சொன்ன சொல்லை மீறவும் இல்லை. பங்கு முழுக்க அவனைப் பாராட்டியது. அந்த எல்லையை நினைவில் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், அவனும் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவளும்.

"பாத்துட்டு வாரோம்ல," என்றாள் பிரிஸ்கில்லா, "அன்னைக்குச் சாயங்காலம் நீங்க என்ன செய்வீங்க?"

பொய் சொல்ல அவனுக்குத் தெரியும். சீட்டாடுகிறவனுக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் இருக்குமா. ஆனால் அந்தக் கேள்வி வந்தபோது அவன் மனசு பாதி அந்தக் கம்பளத்தில் நின்றுகொண்டிருந்தது. பதில் அங்கிருந்தே வந்துவிட்டது.

"கீழ எறங்கிப் போயிருவேன்."

கிளெமென்ட் அவசரமாக வேறு இடம் பார்க்கலாம் என்றான், மடத்து மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கலாம் என்றான்.

"எங்க படுத்தா என்னலே," என்றான் ஸ்தனிஸ்லாஸ். "பாத்துட்டா முடிஞ்சு போச்சு. இங்கன வந்து இறங்குனாலும் கொடைரோடு பக்கந்தான."

"அப்ப புதுசா ஒரு பொருத்தனை வச்சுக்கிருங்க அத்தான்," என்றான் கிளெமென்ட்.

ஸ்தனிஸ்லாஸ் அதை நினைத்துப் பார்த்தான். முதல் பொருத்தனை தோப்பு போன பயத்தில் வந்தது. இப்போது கடை நடக்கிறது, சோறு இறங்குகிறது, பயம் இல்லை. பயம் இல்லாமல் வாயால் என்ன சொன்னாலும் அது நிற்காது. இது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு வழிதான் இருந்தது, அது அவ்வளவு எளிதாக இருந்ததில் அவனுக்கே எரிச்சல் வந்தது.

"நான் வரல," என்றான். "நீங்க போய்ட்டு வாங்க."

"பத்து வருசங் கழிச்சுத்தான மாப்ளை மறுபடி இறக்குவாக," என்றாள் அன்னாள்.

"அப்பயும் வரல அத்தை."

"மாந்தோப்ப முழுங்குன மனுசன் இன்னைக்குத்தான் வெவரமாப் பேசுறாரு," என்று சொல்லிவிட்டு அன்னாள் வெற்றிலையைத் தேடினாள்.

பிரிஸ்கில்லா அழவில்லை, கையைப் பிடிக்கவில்லை. தம்பியிடம், அந்த ஓட்டலையே போடு, மலிவுதானே என்றாள். அவரு டிக்கெட்டை மட்டும் ரத்து பண்ணிரு. மூவருக்கும் அது வெறும் கட்டில், குழாய், மீன். கீழ்மாடி அவர்களை ஒன்றும் செய்யாது. அந்த நியாயம் ஸ்தனிஸ்லாசுக்குக் கொஞ்சம் கசந்தது. அவன் நாலு வருஷம் கனவு கண்ட இடத்தில் அவன் மாமியார் போய்க் குறட்டை விடப்போகிறாள்.

புறப்படுகிற அன்று சாயங்காலம் ஆட்டோ வந்தது. அன்னாள் புது ஸ்வெட்டரோடு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். கிளெமென்ட் பைகளைத் திணித்தான். பிரிஸ்கில்லா வாசலில் நின்று, மாவு எங்கே இருக்கிறது, தண்ணீர் எப்போது வரும் என்றெல்லாம் சொன்னாள். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், அங்கே மெழுகுவத்தி ஏற்றட்டுமா என்றாள்.

"ஏத்து. என் பேரச் சொல்லி ஏத்து. அவன் வரலைன்னும் சொல்லிரு."

அவள் தலையாட்டினாள். அவன் கண்ணுக்குள் எங்கோ லிப்ட் கதவு திறந்து, உள்ளே யாரும் இல்லாமல், வெளிச்சத்தோடு காத்து நின்றது. பிரிஸ்கில்லா படியிறங்கினாள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பூட்டினான்.