விசாரிக்க வந்தவர்

எழிலரசிக்கு ஒரு டிடெக்டிவ் வேண்டியிருந்தது, அதுவும் வருகிற வியாழக்கிழமை வாய்தாவுக்குள். ஃபேக்டரியே கதியென்று கிடக்கும் தாய்க்குப் பிள்ளையைக் கவனிக்க நேரமில்லை, ஏழு வயது கவிப்பிரியாவைத் தன்னிடமே ஒப்படைக்க வேண்டும் என்று கணவன் ஸ்ரீகாந்த் பூந்தமல்லி கோர்ட்டில் மனு போட்டிருந்தான். பிரிந்துபோன ஒன்றரை வருடத்தில் மகளின் பள்ளிக்கூட வாசலைக்கூட எட்டிப் பார்க்காத உத்தமன் அவன்.

"கொரட்டூர்ல அவர் எப்படி இருக்காருன்னு நாமளும் விசாரிக்கணும்மா. நல்ல ஆளாப் பாருங்க" என்றிருந்தார் வக்கீல். ஒரு புடவை எடுக்கவே மூன்று கடை ஏறி இறங்குகிறவள் எழிலரசி. பிள்ளை விஷயத்தில் சும்மா விடுவாளா?

சனிக்கிழமை காலை, கூட வேலை பார்க்கும் சபீனாவின் ஸ்கூட்டியில் ஏறும்போதே பக்கத்து குவார்ட்டர்ஸ் சொர்ணம் மறித்துக்கொண்டாள். பள்ளிவிட்டு வரும் கவிப்பிரியா, அம்மா வரும்வரை இருப்பது இவள் வீட்டில்தான்.

"எழிலு, அந்த மாப்ள ஊட்லேர்ந்து சேதி எதுனா வந்துச்சா?"

பத்து நாள் முன்பு மூக்கில் மச்சத்தோடும் பச்சை ஹெல்மெட்டோடும் ஒருவர் வந்து எழிலரசியைப் பற்றி விசாரித்தாராம். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு பெண்ணைப் பற்றி யார் கேட்டாலும் அது சம்பந்தம் பேசத்தான். அப்படிக் கேட்டு வந்தவரிடம் அளந்துவிடாவிட்டால் அக்கம்பக்கத்தார் என்று சொல்லிக்கொள்வதில் என்ன அர்த்தம்? சொர்ணம் டீயும் இரண்டு போண்டாவும் கொடுத்து, பொண்ணு தங்கம், பாட ஆரம்பித்தால் குயில் என்று அனுப்பியிருந்தாள். எழிலரசி குளிக்கும்போதுகூடப் பாடியதில்லை.

"கேஸே முடியல, அதுக்குள்ள என்னக்கா மாப்பிள்ளை?"

"கேக்க வந்தவன்கிட்ட நல்லது சொல்ல வாணாமா? பாப்பாவயும் சேத்துதான் சொல்லிக்கீறேன்" என்றாள் சொர்ணம், பெருந்தன்மையாக.

முதல் டிடெக்டிவ் அம்பத்தூரில் ஏசி அறையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். "அவர் தப்பே பண்ணலைன்னாலும் கவலைப்படாதீங்க மேடம். போட்டோ எல்லாம் நாங்களே ரெடி பண்ணிடுவோம்" என்றார். எழிலரசி எழுந்துவிட்டாள். ஸ்ரீகாந்த் மேல் கோபம் இல்லாமலில்லை. ஆனால் மகள் வளர்ந்து ஒருநாள் அந்தப் போட்டோவைப் பார்த்தால்?

ஆவடி மார்க்கெட் பக்கம் இருந்த இரண்டாமவர், பத்தே நிமிடத்தில் மூன்று குடும்பத்து ரகசியங்களைப் பெயரோடு சொல்லி முடித்தார். "நாளைக்கு உன் கதைதான்டி இங்க ஓடும்" என்று சபீனா அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தாள்.

மூன்றாமவர் ஹேமநாதன். திருமுல்லைவாயிலில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. எழிலரசியைப் பார்த்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். உங்க கேஸை நான் எடுக்க முடியாது."

"நான் இன்னும் எதுவுமே சொல்லலையே சார்."

"காரணமும் நான் சொல்லக் கூடாது."

அப்போதுதான் அவள் அவர் மூக்கிலிருந்த மச்சத்தைப் பார்த்தாள். ஆணியில் பச்சை ஹெல்மெட் தொங்கியது. சொர்ணத்தின் போண்டாவைத் தின்றுவிட்டுப் போனது ஸ்ரீகாந்த் அனுப்பிய ஆள். எத்தனை நாள் பின்னாலேயே வந்தாரோ? போன வாரம் ரோட்டுக்கு ஓடிய பிள்ளையை முதுகில் இரண்டு வைத்தாளே, அதையும் பார்த்திருப்பாரோ?

"போண்டா நல்லா இருந்துச்சா சார்?" என்றாள்.

ஹேமநாதன் பிடரியைச் சொறிந்தார். "ஒருத்தருக்கு வேலை பாத்துட்டு அவங்க எதிர்த்தரப்புக்கும் பாக்க மாட்டேன். பாத்ததை வெளியிலயும் பேச மாட்டேன். கோர்ட்டு கூப்பிட்டா மட்டும் வந்து உள்ளதைச் சொல்வேன். உங்க வக்கீல்கிட்ட என் பேரைக் கொடுங்க."

"புள்ளைய நான் அடிச்சதையுமா?"

"கேட்டா அதையும்தான்."

காலையிலிருந்து இப்படி ஒரு மனிதரைத்தான் தேடி அலைந்தாள். கிடைத்தவர் எதிராளியின் ஆளாக இருந்தார். படியிறங்கினாள். பாதிப் படியில் மேலேயிருந்து குரல் கேட்டது.

"மேடம், அந்த சைக்கிள் சீட்டை விட்டுடுங்க. பாப்பா தானாவே ஓட்டிடும்."

தினமும் வேலைவிட்டு வந்ததும் செருப்பை உதறிவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு மகளின் சைக்கிள் பின்னால் அவள் ஓடுவாள். குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் அதைப் பார்த்திருக்கிறார். எழிலரசி அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. சபீனாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வியாழக்கிழமை கோர்ட்டில், தங்கள் தரப்புச் சாட்சியாக ஹேமநாதனை அழைக்க வேண்டும் என்று அவள் வக்கீல் கேட்டதுமே ஸ்ரீகாந்தின் முகம் தொங்கிப்போனது. அவன் காசு கொடுத்து அனுப்பிய ஆளே அவளை நல்ல தாய் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார். அவனும் அவன் வக்கீலும் வராந்தாவில் வெகுநேரம் கிசுகிசுத்தார்கள். திரும்பி வந்தவர்கள் சமரசம் பேசினார்கள்: பிள்ளை அம்மாவிடமே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பா பார்த்துக்கொள்ளட்டும். எழிலரசி சம்மதித்தாள். பிள்ளைக்கு அப்பாவும் வேண்டும்தானே என்று உண்மையாகவே நினைத்தாள்.

அன்று சாயங்காலம் சைக்கிள் கிளம்பி நாலு அடி போனதும் சீட்டை விட்டுவிட்டாள். கவிப்பிரியா தண்ணீர்த் தொட்டிவரை போய், காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நீ புடிக்கவே இல்லியாம்மா?"

"இல்லடி. நீதான் ஓட்டுன."

சொர்ணம் கம்பிக் கதவோரம் நின்றிருந்தாள். "எழிலு, அந்த மாப்ள ஊட்டு ஆளு இன்னா சொன்னான்?"

"நம்மளப் புடிச்சிருக்காம்க்கா" என்றாள் எழிலரசி.

"பின்ன, சொன்னது யாரு?" என்றபடி சொர்ணம் போண்டாவுக்கு எண்ணெய் காயவைக்க உள்ளே போனாள்.