செலஸ்டினா சுருட்டிய பாதை

சிலுவைமேட்டுக்குப் போகும் பழைய பாதையில் இப்போது அறுபது அடிதான் மிச்சம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாமியார் வெறுங்காலோடு நடந்துபோன மண் அது. மற்றதெல்லாம் தேய்ந்துவிட்டது. மிஞ்சியதை மூன்று துண்டாக்கிச் சுருட்டி ஊர்க் கோவிலில் வைத்திருக்கிறார்கள். தவக்காலம் வந்தால் வழிகாட்டி கொரைரா அதை எடுத்து, பேர் கொடுத்தவர்களை நான்கு நாள் நடைப்பயணம் கூட்டிப்போவார்.

முறை எளிதுதான். எல்லாரும் முன்னிரண்டு துண்டில் ஏறி நின்றதும் பின்துண்டைச் சுருட்டி, தலைக்கு மேலே கைமாற்றி முன்னால் அனுப்ப வேண்டும். கொரைரா அதை விரிப்பார். மறுபடியும் இருபது அடி நடக்கலாம். கடற்கரையோரமாகப் பன்னிரண்டு கிலோமீட்டரும் இப்படித்தான். வழிகாட்டி எங்கேயும் மிதிக்கலாம். மற்றவர் கால் வேறு மண்ணில் பட்டால், பின்னால் வரும் வேனில் ஏறிவிட வேண்டும்.

கடைசியில் வருகிறவர்தான் சுருட்ட வேண்டும். முதல்நாள் காலையே செலஸ்டினா கடைசியில் வந்தாள். முழங்கால் வீங்கியிருந்ததால் ஊன்றுகம்போடு வந்திருந்தாள். கேஸை அடைத்தோமா, வீட்டுக்காரர் மாத்திரை போட்டிருப்பாரா, பாதைக்கு அடியில் தேள் கீள் இருக்குமா என்று நினைத்து நினைத்தே பின்தங்கிப் போனாள்.

குனிந்து பின்பக்கம் பார்த்தபடி சுருட்டிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்வாங்க வேண்டும். நாளுக்கு ஐந்நூறு தடவை. அதனால் போகிற ஊர் எதுவும் அவள் கண்ணில் படவில்லை. வந்த ஊரை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள்.

அவளுடைய நாத்தனார் பிலோமி முதல் ஒரு மணி நேரத்திலேயே நுங்கு வாங்கக் காலை வெளியே வைத்து வேனுக்குப் போய்விட்டாள். ஜன்னலைத் திறந்து கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

"எட்டாப்புல பாதி, தையல் கிளாஸ்ல பாதி. இதுவும் பாதிதான் மதினி. இப்பமே வந்துருங்க, ஏசி இருக்கு."

"ஏசி எனக்கு ஒத்துக்காது" என்றாள் செலஸ்டினா.

பிலோமி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டில் பாதியில் நிற்கும் ரவிக்கைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒன்றையாவது முடிவு வரைக்கும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் பேர் கொடுத்திருந்தாள்.

அன்று மத்தியானம் ஒரு தப்பு நடந்தது. பாதையைச் சுருட்டுவதற்கு முன்னால், பாயை உதறுகிற வழக்கத்தில் அதையும் ஓங்கி ஓர் உதறு உதறிவிட்டாள். ஏழு காலடித் தடங்கள் காய்ந்த சருகு போலக் கழன்று விழுந்தன.

கொரைரா வந்து பார்த்தார். அதெல்லாம் சாமியார் நடந்த தடங்கள் என்றும், கழன்றது திரும்ப ஒட்டாது என்றும் சொன்னார். மடியில் பத்திரமாகக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். அதன்பிறகு அவளுக்குக் கவலை இரட்டிப்பானது. குனியும்போதெல்லாம் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாலாம் நாள் மேட்டின் அடிவாரத்துக்கு வந்தார்கள். மேட்டுக் கோவிலுக்கு இன்னும் முந்நூறு அடி ஏற்றம். தலைக்கு மேலே கைமாறிப் போய்க்கொண்டிருந்த துண்டைக் கடல்காற்று பிடித்துக்கொண்டது. அது கப்பல் பாய் போல விரிந்து எழும்பியது. செலஸ்டினாவைத் தவிர மிச்சமிருந்த ஒன்பது பேரும் அதைப் பிடிக்கப் பாய்ந்து மணலில் இறங்கிவிட்டார்கள். மேலே கனம் இல்லாமல் போகவே முன்துண்டும் கிளம்பிவிட்டது. இரண்டும் கடலின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒன்பது பேரும் வரிசையாக வேனில் ஏறினார்கள்.

செலஸ்டினா நின்ற துண்டு மட்டும் இருந்தது. அதன்மேல் நின்றுகொண்டே அதை நகர்த்த முடியாது.

"வாங்க மதினி" என்றாள் பிலோமி. இந்தத் தடவை அன்பாகவே கூப்பிட்டாள்.

செலஸ்டினா மடியை அவிழ்த்தாள். ஆறு தடங்கள் பெரியவை. ஏழாவது சின்னது. அது மிதிபட்டு உடைந்துவிடுமோ என்று பயந்து திரும்ப முடிந்துகொண்டாள். ஆறையும் முன்னால் வரிசையாக வைத்தாள். சாமியார் மிதித்த இடம் என்றால் அது பாதைதான். நடந்தாள். ஆறாவதில் நின்று, பின்னால் கிடந்தவற்றை ஊன்றுகம்பால் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து மறுபடியும் முன்னால் வைத்தாள். இரண்டாயிரம் தடவை குனிந்த முதுகுக்கு இது ஒரு வேலையே இல்லை. நாலு நாளில் முதல்தடவையாக முகம் போகிற பக்கம் இருந்தது. வெள்ளைக் கோவிலும் அதற்குப் பின்னால் முழுக் கடலும் தெரிந்தன. முழங்காலை மறந்துவிட்டாள். கேஸைக்கூட மறந்துவிட்டாள்.

வாசலில், கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை முத்திரையும் மைப்பெட்டியும் வைத்துக் காத்திருந்தார். அவள் நடைப்பயண அட்டையை நீட்டினாள். மடியில் என்ன என்று கேட்டார். காட்டினாள். அவர் சின்னத் தடத்தை வாசற்படியில் வைத்து மிதிக்கச் சொன்னார். அவளுடைய குதிகாலின் வெடிப்பும் மடங்கிய சுண்டுவிரலும் அச்சாகப் பொருந்தின.

அவர் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து அட்டையில் அழுத்தினார். 'இரண்டாம் தடவை' என்று விழுந்தது.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஓலைக்குடையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"போன தடவ மறந்துட்டுப் போயிட்டீய. இத்தன நாளா இடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு."

செலஸ்டினா விரித்துப் பார்த்தாள். முன்னால் இங்கே வந்த ஞாபகமே அவளுக்கு இல்லை; ஆனால் பிடியில் அவள் எப்போதும் அடையாளத்துக்குச் சுற்றும் சிவப்பு நூல் இருந்தது. ஓர் ஓலைகூடக் கிழியவில்லை. எங்கே போனாலும் குடையை விட்டுவிட்டு வருகிற தன் புத்தியை நொந்துகொண்டு இறங்கி வந்தாள். வேனில் பிலோமி ஜன்னலோரத்தை விட்டு நகர்ந்துகொண்டாள். செலஸ்டினா உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, ஏசியைக் குறைக்கச் சொன்னாள்.

குறைத்தார்கள்.