வளைவு வைத்த சுவர்

புதுத் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயிலின் இரைச்சல் தெருவுக்குள் வராதபடி ஒரு சுவர் கட்ட வேண்டும் என்று மேலிடம் சொன்னபோது, இன்ஜினீயர் கிளாட்வினுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பிறந்து வளர்ந்த தெருவாயிற்றே! மொட்டையாகக் கட்டினால் ஜெயில் மாதிரி இருக்கும் என்று, ஊருக்குப் பொருத்தமாக வரைந்தார். உச்சியில் வரிசையாக அரைவட்ட வளைவுகள், நடுநடுவே தூண்கள், முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. சின்ன வயதிலிருந்தே மனதில் நின்ற அழகு அது. எங்கே பார்த்தது என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

சுவர் எழும்பியதும், தன் வேலையைப் பார்த்துப் பூரித்துப்போகலாம் என்று வந்தார். மீன் கூடையோடு வந்த இரண்டு பெண்கள் சுவர் தொடங்கும் இடத்தில் பேச்சை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சுவர் முடியும்வரை வாய் திறக்கவில்லை.

எதிர்வீட்டு வாசலில் ஹில்டா நின்றாள்.

"சத்தம் குறைஞ்சிருக்கா, ஹில்டா?"

"நல்லாக் குறைஞ்சிட்டுண்ணே. எம் மவளப் பொண்ணு பார்க்க வந்தவுகளும் சத்தமில்லாமத் திரும்பிப் போயிட்டாவ. கல்லறைத் தோட்டத்துக்கு எதுத்தாப்புல இருக்க வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாவளாம்."

கிளாட்வின் திரும்பிப் பார்த்தார். அவர் கட்டிய சுவர், அப்பாவைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தின் மதிலாகவே, வளைவு தூண் மாறாமல், தெரு நெடுக நின்றது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் வலது கை சிலுவை போடத் தானாக நெற்றிக்குப் போய்விட்டது.

ஹில்டா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.