மூன்றாம் பக்கத்தில் அப்பா

என் அக்கா டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸில் தேர்வு வைக்கிறவள். இருபது வருடமாக, முன்பின் தெரியாதவர்கள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டிக் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் முதல் தடவையே பாஸானவர்கள் ஊரில் மிகக் குறைவு. அவர்களும் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை, யாரும் நம்பமாட்டார்கள் என்பதால்.

ஹார்மோன் டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவும் அப்பாவும் இல்லை. மிச்சமிருக்கும் ஒரே சொந்தம் அக்காதான். ஆகவே அவளிடமே போய் மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நான் லிஃப்ட் மெக்கானிக். வயது முப்பத்து நான்கு. பிறந்தபோது ஆண் என்று எழுதினார்கள். அது தப்பு என்று எனக்குப் படுகிறது. பெண்ணாக வாழ்வதற்கு மருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பதற்காக, பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் காத்திருந்து ஒரு நேரம் வாங்கியிருந்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்கால். அந்தப் பிரிவின் போர்டில் நாளமில்லாச் சுரப்பியியல் என்று போட்டிருக்கிறார்கள். அதைத் தடுமாறாமல் வாசித்துவிட்டாலே பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

அக்காவிடம் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சரி என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எப்போதும்போல் டா போட்டுத்தான் கூப்பிட்டாள், நானும் திருத்தவில்லை. அவள் மனசில் என்ன இருக்கிறதென்று இரண்டு மூன்று தடவை நூல் விட்டுப் பார்த்தேன், பிடி கொடுக்கவில்லை. டாக்டர் முடியாது என்றால் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம். அக்கா முடியாது என்றால் இன்னொரு அக்காவுக்கு நான் எங்கே போவேன்? இதை நினைத்துப் பல நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான்கு பக்கப் படிவம் ஒன்று கொடுத்திருந்தார்கள். முதல் பக்கம் விலாசம், இரண்டாவது என் உடம்பு, மூன்றாவது குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், நான்காவது கையெழுத்து. நிரப்பி, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். அது எட்டு நாளாக அவள் கைப்பையிலேயே இருந்தது. ஆபீஸ் ஆள் அல்லவா, காகிதத்தை அவ்வளவு சீக்கிரம் விடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் என்னென்ன கேட்பார், என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை இணையத்தில் ஒரு குழுவில் யாரோ புண்ணியவான் எழுதிவைத்திருந்தார். பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு பதில். விவரம் தெரிந்த வயதிலிருந்தே எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டுமாம். நடுவில் தயங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் எதையும் மனப்பாடம் செய்யாத நான் இதைத் தலைகீழாக ஒப்பிக்கும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடி, கிளிப் வைத்த அட்டை, பேனா. என்னை வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு வரச் சொன்னாள். தட்டினேன். பத்து நிமிடம் வாசலிலேயே நிறுத்திவைத்தாள். டாக்டர் என்றால் அப்படித்தானாம்.

பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டாள். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றாள். இல்லை என்றேன். சிகரெட் உண்டா என்றாள். இந்த மருந்தோடு சிகரெட்டும் சேர்ந்தால் ரத்தம் கட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம், இதில் மட்டும் பொய் சொல்லாதே என்று குழுவில் எழுதியிருந்தார்கள். ஒத்திகைதானே என்று நானும், ஒரு நாளைக்கு நாலு என்று சொல்லிவிட்டேன்.

பேனா நின்றது. எத்தனை வருடமாக என்று கேட்டாள். பதினொன்று என்றேன். நான் பெண்ணாக வேண்டும் என்று சொன்னபோது வராத கோபம் அப்போது வந்தது. டாக்டராக உட்கார்ந்திருந்ததால் திட்டவும் வழியில்லை. அட்டையில் எதையோ அழுத்தி எழுதினாள், தாள் கிழிந்தது. வேறு தாள் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"எப்ப இருந்து இப்படித் தோணுது?"

நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தேன். ஐந்து வயதிலேயே அம்மாவின் குதிகால் உயர்ந்த செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடப்பேன் என்றேன்.

"அம்மாகிட்ட குதிகால் செருப்பே கிடையாது" என்றாள் அக்கா. "அவங்களுக்கு முட்டி வலி. வாழ்க்கை பூரா ஒரே கறுப்புச் செருப்பு, தட்டையா."

விட்டுக்கொடுக்காமல் அடுத்த வரிக்குப் போனேன். மற்ற பையன்கள் வண்டிகளோடு விளையாடியபோது நான் பொம்மைதான் வேண்டும் என்று அழுதேன் என்றேன்.

"தீயணைப்பு வண்டி வேணும்னு அழுதே. வாங்கிக் கொடுத்த அன்னைக்கே அதோட ஏணிய ஒடிச்சே. ஒடிச்சது அக்கான்னு அப்பாகிட்ட சொன்னே. அடி எனக்கு விழுந்துச்சு."

என் பால்யத்தைப் பற்றிப் பொய் சொல்லி ஏமாற்ற முடியாத ஆள் உலகத்தில் ஒருத்திதான். என்னைவிட எட்டு வயது மூத்தவள், எல்லாவற்றுக்கும் நேரில் பார்த்த சாட்சி. அவள் முன்னால் போய் ஒத்திகை பார்த்திருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்வது?

அவள் அட்டையைக் கீழே வைத்தாள். தேர்வுக்கு வருகிறவர்களில் பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்க்கிறவன் ஒரு ரகம், அதிகாரிக்குத் தெரியட்டும் என்று தலையை மட்டும் திருப்புகிறவன் இன்னொரு ரகம், இரண்டாவது ரகத்துக்கு ரோட்டில் என்ன இருக்கிறதென்றே தெரியாது என்றாள். நான் எந்த ரகம் என்று சொல்லவில்லை. பிறகு, சாதாரணமாகக் கேட்காத ஒரு குரலில் கேட்டாள்.

"அப்ப எல்லாமே பொய்யாடா?"

அவள் முகத்தில் ஆசை தெரிந்தது. ஆமாம் என்று நான் சொன்னால் எழுந்து போய் டீ போட்டுவிடுவாள், அத்தோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வலித்தது.

"செருப்பு பொய். பொம்மை பொய். மத்தது பொய் இல்ல" என்றேன்.

அதற்கப்புறம் மனப்பாடம் செய்ததையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னேன். சின்ன வயதில் எனக்கு ஒன்றும் தெரியாது. தளத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்கிற லிஃப்ட்டிலிருந்து ஜனங்கள் வருடக்கணக்காகக் காலைத் தூக்கி வைத்து இறங்குவார்கள். புகார் வராது, பழகிவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு குடியிருப்பில், தலைமுடியைக் கட்டிக்கொண்டு குனிந்து பட்டன் பலகையை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா தன் குழந்தையிடம், தள்ளி நில்லு, அக்கா வேலை செய்யறாங்க என்றாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் மன்னிப்புக் கேட்டுவிடுவாள். அவர்கள் படியேறி மறையும்வரை, ஏற்கெனவே இறுகிப்போன ஒரே ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே இருந்தேன். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் போய்விடும் என்று நினைத்தேன். நாலு நாளாகியும் போகவில்லை. அப்போதுதான் பயந்துபோனேன்.

"இதப் போய் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? ஒரு ஸ்க்ரூ கதைக்கு யாராவது மருந்து குடுப்பாங்களா?" என்றேன்.

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போன பிறகு அக்கா கைப்பையைத் திறந்து என் படிவத்தை எடுத்தாள்.

"உன்னை ஃபெயில் பண்ணத்தான் உக்காந்தேன்" என்றாள். "ஃபெயிலாயிட்டா நீ திங்கக்கிழமை போக மாட்டேன்னு நெனச்சேன்."

அவள் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். அப்பா, மாரடைப்பு, நாற்பத்தாறு வயது என்று நான் எழுதியிருந்த வரியின் மேல் விரலை வைத்தாள். அப்பா போனபோது எனக்குப் பதினொரு வயது. ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்தவள் அக்காதான்.

மாரடைப்பு இல்லையாம். காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டதாம். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அதையெல்லாம் விளக்கிச் சொல்ல அம்மாவுக்குத் தெம்பில்லை. மாரடைப்பு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள், அப்படியே சொல்லிவிடு என்று அக்காவிடம் சொன்னாள். இருபத்து மூன்று வருடமாக அக்கா அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள், என்னிடமும்.

இந்த வரியைப் பார்த்த அன்றே அவள் தேடித் தேடிப் படித்திருக்கிறாள். பெற்றவர்களுக்கு அப்படி வந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகமாம், இந்த மருந்து அதை இன்னும் கூட்டுமாம். முதல் நாள் அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததாம், இதைச் சொன்னால் டாக்டரே நிறுத்திவிடுவார் என்று. இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் படித்திருக்கிறாள். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றில்லை, இன்னும் சில பரிசோதனை செய்துவிட்டு, மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டுகிற மருந்தாகக் கொடுப்பதும் உண்டு, ஆனால் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்ததாம். அதற்குப் பிறகு ஆறு நாளாக எதுவும் படிக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். எனக்கு வந்த முதல் யோசனை நல்ல யோசனை இல்லை. அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"மாரடைப்புன்னே இருக்கட்டுமே. யாருக்குத் தெரியப் போகுது?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். நான் ஒடித்த ஏணிக்காக அடி வாங்கியபோதுகூட அழாதவள் என்று அம்மா சொல்வாள். இப்போது மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேனாவை என் கையில் திணித்தாள்.

"எழுது. நீ என்னவா வேணும்னாலும் ஆயிக்கோ. உயிரோட ஆயிக்கோ."

மாரடைப்பை அடித்துவிட்டு எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவள் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.