தகரப் பலகை மறைத்த வானம்

1

இந்தக் கதை ஞானத்தில் பிறக்கவில்லை, எரிச்சலில் பிறந்தது. பேச்சின் நடுவே என் ஃபோன் அழைப்பு அறுந்தது. ஃபோன் கம்பெனி அலுவலகத்துக்குப் புகார் சொல்லப் போனேன். "டவர் நல்லாத்தான் இருக்கு சார், கடிகாரம்தான் சரியில்ல" என்றார் அங்கிருந்தவர். நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். [நீங்களும் பார்த்திருந்தால் வெட்கப்பட வேண்டாம்.]

முதல் தொடக்கம்: "காலம் ஒரு நதியைப் போல—"

அடித்துவிட்டேன். கதையில் ஓர் ஆறு வரும். அது வெறும் ஆறு.

2

நகரத்து செல்ஃபோன் கோபுரங்களுக்கெல்லாம் நேரம் சொல்லும் தாய்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டவருக்கு 'நொடி' என்று பட்டப்பெயர். செயற்கைக்கோள்கள் சொல்லும் நேரத்தை மொட்டைமாடி ஆன்டெனா வாங்கிக் கடிகாரத்துக்குக் கொடுக்கும். புதுத் தலைமுறைக் கோபுரங்கள் ஒரே அலையில் முறைவைத்துப் பேசும், முறைவைத்துக் கேட்கும். முறை பிசகினால் ஒன்று கேட்கும்போது மற்றொன்று கத்தும், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் போல.

இந்தப் புதுக் கோபுரங்களின் திறப்பு விழாவுக்கு வாரக்கணக்கில் முன்பே மாடியில் பெரிய தகரப் பலகை நிறுத்தினார்கள்: 'இம்மியும் பிசகாது!' அது ஆன்டெனாவுக்கு வானத்தை மறைத்தது. கடிகாரம் பழைய நினைப்பிலேயே ஓடத் தொடங்கியது. மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, அலாரம் அடித்தது.

"பலகைய நகத்தணும் சார்."

"தலைவர் படம் இருக்குய்யா அதுல" என்றார் மேலாளர். "வானம் எங்க ஓடிடப் போகுது? அலாரத்த ஊமையாக்கு."

"கடிகாரம் விலகிடும் சார்."

"எல்லா டவரும் சேந்துதான விலகும்? ஒத்துமைதானே!"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற கடிகாரம். ரெண்டு பக்க டவரும் கரையில மோதிக்கும், அங்க இருக்கறவங்களுக்கு ஃபோன் கட்டாகும்."

"கரையில யாருய்யா இருக்கா?"

நொடியின் அக்கா இருந்தாள். தனியாக, பலவீனமான இதயத்தோடு. நொடி அதைச் சொல்லவில்லை. அலாரத்தை ஊமையாக்கினார்.

[முதல் பிரதியில் அக்கா இல்லை. 'யாரும் இல்ல சார்' என்று நொடி சொன்னால் கதை அங்கேயே படுத்துவிடும் என்று சேர்த்தேன். நோயும் நான் கொடுத்ததுதான்.]

3

காலை விழாவுக்கு மதியம் வந்த தலைவர், "நாம் நேரத்தை வென்றுவிட்டோம்!" என்று முழங்கியபோது நொடியின் ஃபோன் அடித்தது.

"தம்பி, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுதுடா. ஆம்புலன்ஸுக்குப் போட்டா அட்ரஸ் சொல்றதுக்குள்ள கட்டாயிடுது. உன் டவருக்கும் என்ன மாதிரியே மூச்சு விட்டு விட்டுத்தான்—"

அறுந்தது.

நொடியே ஆம்புலன்ஸை அழைத்து வழி சொன்னார். சற்று நேரத்தில் ஓட்டுநர்: "சார், ஆத்தோரம் வந்துட்டோம். ரெண்டு சந்து பிரியுது, எதுல—"

அறுந்தது.

நொடி மாடிக்கு ஓடிப் பலகையை உதைத்துத் தள்ளினார். "அடப்பாவி, தலைவர் மூஞ்சிய மிதிக்கிறியே!" என்று கீழே மேலாளர் அலறினார். வானம் தெரிந்தது. ஆனால் கடிகாரம் ஒரே பாய்ச்சலில் சரியான நேரத்துக்கு வராது. பாய்ந்தால் ஊர் அழைப்பெல்லாம் ஒன்றாக அறும். அதனால் மெல்ல மெல்லத்தான் திருந்தும். அப்படி அமைத்துவைத்தவர் நொடியேதான்.

4

ஒரு முடிவில் ஓட்டுநர் தானாகவே சரியான சந்தில் திரும்பிவிடுகிறார். அது மேலாளர் எழுதும் முடிவு, கிழித்துவிட்டேன். மற்றதில் அக்காவின் கதவு—

முடியவில்லை. நோயைக் கொடுத்த கையால் அதையும் எழுத வரவில்லை.

மஞ்சள் விளக்கு இன்னும் எரிகிறது. நொடி அக்காவின் எண்ணுக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். இப்போது யாரோ எடுத்துவிட்டார்கள். பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. அக்காவுடையதா, ஓடி வந்து நிற்கும் ஓட்டுநருடையதா? நொடிக்குக் கேட்கத் தைரியமில்லை. எனக்கும்தான்.

நீங்கள் கேளுங்கள். அறுவதற்குள்.