பதினாறாவது பெயர்

எங்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் பட்டப்படிப்பின் முதல் பேட்ச் நாங்கள்தான். மொத்தம் முப்பத்தொரு பேர். மதிப்பெண் வரிசையில் நான் பதினாறாவது. மேலே பதினைந்து பேர், கீழே பதினைந்து பேர். இதைவிடச் சரியாக நடுவில் நிற்க யாராலும் முடியாது.

நடுவில் நிற்பவளைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு என் தாய்மாமா பாண்டிச்செல்வம், "பெத்தணன் மக மூணு வருசம் படிச்சு இப்ப மூத்திரக் குப்பி களுவுதா" என்று சொல்லிச் சிரித்தார். பெத்தணன் என்பது என் அப்பா. அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சாம்பார் வாளியை மாமா தலையில் கவிழ்த்திருப்பேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார்.

அது நடந்து சில மாதங்கள் கழித்து, 2006 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை பகலில், விருதுநகரில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டேன்.

"சீட்டு இல்லம்மா. முத்துமாரிங்கிறது நீங்கதான? உங்களத்தான் பாக்க வந்துருக்கோம்" என்றார் அந்த அம்மா.

அவர் பெயர் மாரித்தாய். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை. மகள் இசைவாணி பிளஸ் டூ முடித்து, நான் படித்த அதே படிப்பில் இடம் வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை பணம் கட்டக் கடைசி நாள். அவள் அப்பாவுக்கு டீச்சர் டிரெயினிங்தான் இஷ்டம். அவளோ இதைத்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் முடிவு மாரித்தாய் கையில் வந்து நின்றிருக்கிறது.

கல்லூரியில் விசாரிக்கப் போனபோது, முதல் மார்க் வாங்கியவள் பெங்களூரில் ஆராய்ச்சி செய்வதைச் சொல்லி, அவள் போட்டோவையும் காட்டினார்களாம். மாரித்தாய் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த எங்கள் பேட்ச் மதிப்பெண் பட்டியலில் மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை எண்ணி என் பெயரில் விரலை வைத்து, நான் வேலை பார்க்கும் இடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"மொத மார்க்குக்காரப் பிள்ள எதப் படிச்சாலும் பொளச்சுக்கிரும். எங்க கம்பெனியில மேல இருக்க பெட்டிய யாரும் கொளுத்திப் பாக்க மாட்டோம். அடுக்குல நடுப்பெட்டிய உருவித்தான் கொளுத்துவோம். அது சரியா வெடிச்சாத்தான் லோடு ஏறும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மாமாவாவது குப்பி கழுவுபவள் என்றார். இந்த அம்மா என்னைப் பட்டாசுப் பெட்டியே ஆக்கிவிட்டார். ஆனாலும் அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் அளந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்பார்கள். பொய் சொல்லி ஒரு பெண்ணைப் படிப்பில் சேர்க்கலாம் என்று யாரும் சொன்னதில்லை.

அதனால் உள்ளதைச் சொன்னேன். வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். அப்புறம் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ ஒரு வருஷம் படித்த பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. சம்பளம் மூவாயிரத்து ஐந்நூறு. எம்.எஸ்ஸி. வரை போனவர்களில் சிலர் மருந்துக் கம்பெனிகளில் நன்றாக இருக்கிறார்கள். நாலைந்து பேர் கல்யாணமாகி வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு பேர் பேங்க் பரீட்சை எழுதுகிறார்கள். நான் சொல்லச் சொல்ல இசைவாணியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. மாரித்தாய் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் திருத்தங்கலில் உள்ள எங்கள் கிளையிலிருந்து எட்டு ரத்தக் குப்பிகள் வந்தன. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம். பைக் பஞ்சராகி, வெயிலில் கிடந்து, ஐந்து மணி நேரம் கழித்து வந்திருந்தது. சர்க்கரை குறையாமல் காக்கும் மருந்து போட்ட குப்பி தீர்ந்துபோய்ச் சாதாரணக் குப்பியில் எடுத்திருந்தார்கள். போட்டுப் பார்த்தேன். ஏழு பேருக்குச் சர்க்கரை ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில். எட்டாவது ஆளுக்கு மட்டும் நூற்றிரண்டு.

முதலாளி சோலைச்சாமி ரிப்போர்ட்டை எழுதச் சொன்னார். சாயங்காலத்துக்குள் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாராம்.

"எளுத முடியாது சார்" என்றேன். "ஏளு பேருக்கு ஒண்ணுபோல சர்க்கரை குறையாது. ரத்தம் வெளிய வந்தாலும் அதுல இருக்க செல்லு சும்மா இருக்காது. சர்க்கரையத் தின்னுக்கிட்டே இருக்கும். அந்த நூத்தி ரெண்டயும் நம்ப முடியாது. நாளைக்குக் காலையில எட்டுப் பேருக்கும் மறுபடி எடுக்கணும்."

அவர் சத்தம் போட்டார். நம் பேர் கெட்டுவிடும் என்றார், வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். நான் பேனாவை எடுக்கவில்லை. இரண்டாம் வருஷப் பரீட்சையில் இதே கேள்விக்கு ஐந்துக்கு மூன்றுதான் வாங்கியிருந்தேன். அந்த மூன்றே எனக்குப் போதுமாக இருந்தது. கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே திருத்தங்கலுக்குப் போன் போட்டார்.

மாரித்தாய் எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "ஏ புள்ள, திங்கக்கிளம பணத்தக் கட்டிருவோம்" என்றார் மகளிடம்.

எனக்குப் புரியவில்லை. இவ்வளவு சொன்ன பிறகுமா என்று கேட்டேன்.

"சம்பளம் கூடும், குறையும். நமுத்துப்போன சரக்குன்னு தெரிஞ்சா, மொதலாளியே வந்து நின்னாலும் நான் லோடு ஏத்த விட்டதில்ல. நடுவுல உருவுன பிள்ளயே இப்படி நிக்கிதுன்னா, அது நல்ல படிப்புத்தான்" என்றார்.

அவர்கள் போனதும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். மூன்று வருஷமாக நான் சுமந்த பதினாறாவது இடத்தை ஒருவர் தேடிக் கண்டுபிடித்துப் பெருமை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுத்ததில் ஏழு பேருக்கும் சர்க்கரை சரியாக இருந்தது. நூற்றிரண்டு என்று காட்டிய எட்டாவது ஆளுக்கு நூற்று நாற்பத்தொன்று. அவருக்கு நீரிழிவு என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. திங்கட்கிழமை இசைவாணி பணம் கட்டிவிட்டுப் போன் செய்தாள்.

ஆவணியில் இன்னொரு கல்யாணம். பந்தியில் மாமா அதே குப்பிக் கதையை ஆரம்பித்தார். அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மச்சான், சிவகாசியிலருந்து ஒரு தாயி எம்மகளப் பாத்துட்டுத்தான் அவ பிள்ளய அந்தப் படிப்புல சேத்துருக்கா" என்றார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, என் இலைக்கு முதலில் சாம்பார் ஊற்றச் சொன்னார்.