பெரிய நாய்க் கணக்கு

காலையிலிருந்து எட்டு நாய்களுக்கு ஸ்கேன் எடுத்து முடித்திருந்தாள் டாக்டர். ஒன்பதாவதாகக் குதிரைக்குட்டி வந்தது. கூடவே நாத்தனாரும் வந்தாள். இரண்டில் எது பெரிய வேலை என்று கேட்டால் டாக்டர் யோசிக்கவே மாட்டாள்.

நாத்தனார் குதிரை வளர்ப்பவள், கணவனின் தங்கை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அண்ணி சொன்ன ஒரு வார்த்தையையாவது எதிர்ப்பேச்சு இல்லாமல் அவள் ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. மழை பெய்கிறது என்று அண்ணி சொன்னால், வாசல்வரை போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

குட்டிக்கு நாலு மாதம். தொண்ணூறு கிலோ எடை, வயசுக்குக் குறைச்சல்தான். அதனாலேயே சுண்டெலி என்று பெயர். தீனி தின்ற ஒரு மணி நேரத்தில் சொக்கிப்போய்விடும். கண் தெரியாத மாதிரி வட்டமடிக்கும், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கும். குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குள் போய்ச் சுத்தமாகாமல், பிறவியிலேயே தப்பாக அமைந்த ஏதோ ஒரு குழாய் வழியாக உடம்பெல்லாம் சுற்றுகிறது என்று டாக்டருக்குச் சந்தேகம். அந்தத் திருட்டுக் குழாய் ஈரலுக்கு வெளியே இருந்தால் அதைக் கட்டிப்போட்டுப் பிழைக்க வைக்கலாம். ஈரலுக்குப் போகவேண்டிய குழாயே இல்லையென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மயக்க மருந்து கொடுத்து நாலு பேராகத் தூக்கி மேடையில் கிடத்தினார்கள். குழாய்கள் படத்தில் வெள்ளையாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றுவதற்குச் சாயமும் தயாராக இருந்தது. ஸ்கேன்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "எப்படிம்மா போடட்டும்?" என்று கேட்டார்.

டாக்டருக்கு நிற்கவே முடியவில்லை. "வழக்கம்போலவே போடுங்க," என்றாள்.

படம் வந்தது. ஈரலுக்குள் நுழையும் குழாய் இருக்கவேண்டிய இடத்தில் சாயமே இல்லை. மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவைக்குக் கண் ஒத்துழைக்கவில்லை.

நாத்தனாரிடம் போய் நின்றபடியே சொன்னாள். "ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோற குழாயே இல்லம்மா. ஆபரேஷனுக்கு வழியில்ல. கஷ்டப்பட விடாம ஊசி போட்டுடறதுதான் நல்லது."

சொல்லிவிட்டுச் சண்டைக்குத் தயாரானாள். மெஷின் பழசு, படித்தவர்களுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும், வேறு டாக்டரிடம் காட்டுகிறேன் என எது வந்தாலும் பதில் கைவசம் இருந்தது. நாத்தனார் சம்மதக் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணி," என்றாள்.

டாக்டருக்கு, அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அறைக்குத் திரும்பி அறிக்கை எழுத உட்கார்ந்தாள். சாயம் ஏற்றி எத்தனை விநாடிக்குப் பிறகு எடுத்த படம் என்று ஒரு கட்டம். மெஷினில் பார்த்தாள். நாற்பது. அதற்கு மேலே, மெஷினுக்குக் கொடுத்திருந்த அமைப்பின் பெயர்: பெரிய நாய்.

இந்த ஆஸ்பத்திரியில் வழக்கம்போல என்றால் அதுதான் அர்த்தம். சொன்னதைச் செய்தவரைக் குறை சொல்லி என்ன பயன்? மயக்கத்தில் கிடக்கும் குதிரைக்குட்டிக்கு இதயம் நிதானமாக அடிக்கும். சாயம் குடலைச் சுற்றி வந்து சேர நாய்க்கு வைத்த நேரம் காணாது. படத்தை மறுபடி திறந்தாள். சிறுநீரகத்தின் ஓரம் மட்டும் வெளுத்திருந்தது, நடுவே இன்னும் இருட்டு. குடலிலிருந்து கிளம்பும் சின்னக் குழாய்களிலும் சாயம் இல்லை. பஸ்ஸே கிளம்பவில்லை, அதற்குள் ரோடே கிடையாது என்று சொல்லியிருக்கிறாள். படிக்கிற பிள்ளைகூட இதைக் கண்டுபிடித்திருக்கும்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றத்தான் செய்தது, மறைப்பானேன். ஊசி போடவேண்டிய டாக்டர் பக்கத்து அறையில் ஒரு பூனையின் காலைத் தைத்துக்கொண்டிருந்தார், முடித்ததும் வந்துவிடுவார். மறுபடி எடுத்தாலும் குழாய் இல்லாமலே போகலாம். கையெழுத்து இருக்கிறது. யாரும் கேட்கப்போவதில்லை. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம்.

முழங்கால் சொடுக்க எழுந்து போனாள்.

மெத்தை பதித்த அறையில், பாதி மயக்கத்தில் கிடந்த குட்டியின் தலையை மடியில் வைத்திருந்தாள் நாத்தனார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்," என்றாள் டாக்டர்.

"என்ன தப்பு?"

"குழாய் இல்லைன்னு சொன்னேனே, அது இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது. சாயம் வந்து சேர்றதுக்குள்ள படம் எடுத்துட்டோம். நாய்க்கு வச்சிருக்கிற நேரம் அது. நான்தான் அப்படி எடுக்கச் சொன்னேன். மறுபடி எடுக்கணும். மறுபடி மயக்கம் கொடுக்கறதுல ஆபத்தும் இருக்கு. எடுத்தாலும் இல்லைன்னே வரலாம்."

நாத்தனாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் குரல் உயர்ந்தது.

"அரை மணி நேரமா இவ காதுல போயிட்டு வாடின்னு சொல்லிட்டு உக்காந்திருக்கேன்! நாய்க் கணக்கா? என் குட்டிக்கு நாய்க் கணக்கா போட்டீங்க?"

டாக்டர் அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். கத்தி முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாத்தனார் சொன்னாள்: "எடுங்க."

இந்தத் தடவை டாக்டரே திரையருகே நின்றாள். நாற்பது விநாடியில் ஒன்றுமில்லை. ஐம்பதிலும் இல்லை. ஸ்கேன்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அறுபத்தெட்டில் சாயம் மெல்ல ஊர்ந்து வந்தது. "இப்ப," என்றாள்.

ஈரலுக்குப் போகும் குழாய் இருந்தது. பென்சில் கனம்கூட இல்லை, ஆனால் இருந்தது. ஈரலுக்கு வெளியே அந்தத் திருட்டுக் குழாய், தடியாக, வளைந்து போய் இதயத்துக்குத் திரும்பும் பெரிய குழாயில் சேர்ந்தது. அறுவை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கட்டலாம், நாளைக்கே செய்துவிடலாம், பிழைக்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்றார் அவர்.

அதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், நாத்தனாரிடம் சொன்னாள்.

நாத்தனார் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு நீங்களும் உள்ள நில்லுங்க அண்ணி."

"நாளைக்கு எனக்கு லீவும்மா. அதுவுமில்லாம, வெட்டித் தைக்கறது அவரு. நான் நின்னு என்ன பண்ணப்போறேன்?"

"தப்பு நடந்தா வெளிய வந்து என்கிட்ட சொல்றதுக்கு ஒரு ஆள் உள்ள வேணும்."

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டாள். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டாள்.